கால் உடைந்தால்தான் ஓய்வா?

பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி மனநல மருத்துவரான எனக்கு எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 41. ஷூ கம்பெனியில் 17 வருடம். அதில் 14 வருடம் ஸ்டிட்சிங் மெஷினில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகமான அப்பர் தைத்தவர். கடந்த 3 வருடமாக லைன் சூப்பர்வைசர். சம்பளம் 17,000 ரூபாய். காலை நாலரைக்கு எழுந்து, சமைத்து, மாமியாரின் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்றி, ஏழு மணி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிறார். வீடு திரும்ப இரவு ஏழரை, சில நாள் எட்டரை. கணவர் முன்பு தோல் பதனிடும் டேனரியில் இருந்தவர், இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். மகள் பிளஸ் டூ, மகன் எட்டாம் வகுப்பு. திங்கட்கிழமைதோறும் குழுக் கடன் தவணை.

அவர் லைனில் 40 பெண்கள். மணிக்கு 60 ஜோடி டார்கெட். ஒவ்வொரு மணிக்கும் எத்தனை முடிந்தது என்று லைன் தலைப்பில் இருக்கும் வெள்ளைப் பலகையில் அவரே எழுத வேண்டும். குறைந்தால் சிவப்பு மையில் எழுத வேண்டும். “சிவப்பு மார்க்கரை எடுக்கறப்பவே கை நடுங்குது டாக்டர்” என்கிறார். ஆறு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பிறகு தூக்கம் இல்லை. நெஞ்சு படபடக்கிறது என்று போய் இ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்தார். “எல்லாம் நார்மல், டென்ஷனைக் குறைச்சுக்கோங்க” என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதமாக மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய தூக்க மாத்திரையில் பாதி போட்டுக்கொண்டு படுக்கிறார். “எல்லாரும்தான் வேலைக்குப் போறாங்க, நீ மட்டும் இப்படியே இருந்தா பாகாயத்துலதான் கொண்டுபோய்ச் சேக்கணும்” என்பது கணவரின் பேச்சு. பாகாயம், வேலூரில் மனநல மருத்துவமனை இருக்கும் இடம்.

கடிதம் எழுத வைத்தது வேறொரு சம்பவம். லைனில் ஒரு இளம் தாய், குழந்தைக்குக் காய்ச்சல் என்று மூன்று மணிக்குப் போக அனுமதி கேட்டிருக்கிறார். “உன் கொழந்தைக்குக் காய்ச்சல்னா ஷிப்மென்ட் நிக்குமா?” என்று இவர் கத்தியிருக்கிறார். அந்தப் பெண் பாத்ரூமுக்குப் போய் அழுதிருக்கிறார். “எனக்கு ஒண்ணுமே தோணல டாக்டர். அதான் பயமா இருக்குது. நானும் மெஷின்ல இருந்தப்ப இதே மாதிரி பேச்சு வாங்கிகினு, இதே பாத்ரூம்ல அழுதவதான். எப்ப இப்படிக் கல்லாயிட்டேன்?”

அவர் கேட்பவை: எனக்கு மனநோயா? மாத்திரை சாப்பிட்டால் அடிமையாகிவிடுவேனா? கம்பெனிக்குத் தெரிந்தால் என்னாகும்? வேலையை விட்டுவிடட்டுமா?

அன்புச் சகோதரிக்கு,

முதலில், ஓரத்தில் எழுதிய அந்த வரி

ஆறாம் பக்கத்தின் ஓரத்தில், பத்திக்கு வெளியே, சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள்: “பஸ்ஸு எங்கியாவது மோதி ஒரு கால் உடைஞ்சா, ஒரு மாசம் படுத்துக்கலாம்னு தோணுது.” உங்கள் கேள்விகளில் அது இல்லை. ஆனால் எனக்கு இதுதான் முதல் கேள்வி.

இப்படி ஆசைப்படுகிறவர் நீங்கள் ஒருவர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். டைபாய்டு வந்தால் நன்றாக இருக்கும் என்று சொன்ன நர்ஸ்களைப் பார்த்திருக்கிறேன். அட்மிட் ஆன அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொன்ன ஆசிரியைகளைப் பார்த்திருக்கிறேன். எலும்பு உடைந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மாமியாரும் கேட்க மாட்டார், மேனேஜரும் கேட்க மாட்டார். களைத்துப்போனேன் என்று சொன்னால் மட்டும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓய்வைக் கேட்டு வாங்க வழி தெரியாத மனம் விபத்திடம் போய்க் கேட்கிறது.

ஆனால் ஒன்றை நீங்களே உங்களிடம் நேராகக் கேட்டுப் பாருங்கள். அந்த நினைப்பு காலோடு நிற்கிறதா? அல்லது, எழுந்திருக்காமலே போனாலும் சரி என்று அடுத்த படிக்கும் சில நாள் போகிறதா? போகிறது என்றால் இந்தப் பதிலின் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இன்றைக்கே உங்கள் அக்காவிடமோ கணவரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம், இரவு மூன்று மணிக்கும் எடுப்பார்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. காலோடு நிற்கிறது என்றாலும் இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். எங்கே, எப்படி என்று கீழே சொல்கிறேன்.

ரிப்போர்ட் நார்மல் என்றால் படபடப்பு பொய்யா?

இல்லை. இதயத்தில் கோளாறு இல்லை என்பது நல்ல செய்தி. ஆனால் படபடப்பு உண்மை. ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகும்; அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் ஏறும், நெஞ்சு வேகமாக அடிக்கும், வயிறு சுருட்டும். பாம்பைப் பார்த்தால் பத்து நிமிடத்தில் அது அடங்கிவிடும். உங்களுக்கோ ஒரு நாளைக்கு எட்டு முறை, மணிக்கு ஒரு முறை, பலகை முன்னால் பாம்பு வருகிறது. அடங்க நேரமே இல்லை. விடியற்காலையில் கார்டிசால் இயல்பாகவே ஏறத் தொடங்கும். ஏற்கெனவே விளிம்பில் இருக்கிற உடம்பு அப்போது விழித்துக்கொள்கிறது.

அதோடு எல்லாவற்றையும் டென்ஷன் தலையில் போட்டுவிடவும் மாட்டேன். காலையில் சாப்பிடுவதில்லை, டீயும் பன்னும்தான் என்கிறீர்கள். பாத்ரூம் போக லைனை விட்டு நகர வேண்டியிருக்கும் என்பதால் தண்ணீரும் குடிப்பதில்லை என்கிறீர்கள். நம் பக்கத்து வெயில் சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும். தகரக் கூரைக்குக் கீழே, ஷூ ஒட்டும் சொல்யூஷன் வாடையில், தண்ணீர் இல்லாமல் பத்து மணி நேரம் நின்றால் எந்த நெஞ்சும் படபடக்கும். ரத்தசோகையும் தைராய்டும் இதே போல் களைப்பையும் படபடப்பையும் கொடுக்கும். 41 வயதில் மாதவிடாய் மாறத் தொடங்குவதாலும் தூக்கம் கெடலாம். இ.சி.ஜி. எடுத்தவர்கள் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. அவற்றையும் சர்க்கரையையும் பாருங்கள். மனநல மருத்துவராக இருந்தாலும் நான் முதலில் எழுதித் தரும் சீட்டு பெரும்பாலும் இதுதான்.

கல்லாகிப்போனது யார்?

நீங்கள் மிகவும் வெட்கப்படும் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெண் அழுதபோது ஒன்றும் தோன்றாமல் நின்றீர்களே, அது.

1974-இல் நியூயார்க்கில் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பர்கர் என்ற உளவியலாளர், ஏழைகளுக்கான இலவச மருத்துவமனையில் வேலை செய்த தொண்டர்களிடம் ஒன்றைக் கவனித்து எழுதினார். ஆசையோடு வந்தவர்கள் சில மாதங்களில் கருகிப்போனவர்களாக ஆனார்கள். அவரும் அதே நிலைக்குப் போனவர். அதற்கு அவர் வைத்த பெயர்தான் இன்று எல்லோரும் சொல்லும் பர்ன் அவுட். எண்ணெய் தீர்ந்த விளக்கில் திரியே எரிவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற ஆய்வாளர் அதை அளக்க ஒரு முறையை உருவாக்கினார். மூன்று அடையாளங்களைச் சொன்னார். உடலும் மனமும் வற்றிப்போவது ஒன்று. தான் என்ன செய்தும் பயனில்லை என்று தோன்றுவது இன்னொன்று. மூன்றாவது, தன்னோடு இருக்கும் மனிதர்கள் மனிதர்களாகத் தெரியாமல் எண்ணிக்கையாகத் தெரிவது.

அந்த மூன்றாவதைத்தான் நீங்கள் “கல்லாயிட்டேன்” என்று எழுதினீர்கள். கொடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாத மனம் கதவைச் சாத்திக்கொள்கிறது. கெட்ட குணம் உள்ளவருக்கு இப்படி ஒரு கடிதம் எழுதத் தோன்றாது. மூன்று மணிக்கு விழித்து அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்துக்கொண்டு படுத்திருக்கவும் மாட்டார். நீங்கள் நொந்துகொள்ளும் அந்த மரத்துப்போன தன்மையை நான் காய்ச்சல் வெப்பம் போல ஓர் அறிகுறியாகப் பார்க்கிறேன். ஆனால் அறிகுறி என்பதால் அந்தப் பெண்ணுக்கு வலிக்காமல் போய்விடாது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் பர்ன் அவுட்டை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. சமாளிக்கப்படாத, நீடித்த பணியிட அழுத்தத்தால் வரும் நிலை என்றுதான் குறித்திருக்கிறது. அந்த வேறுபாடு உங்களுக்கு முக்கியம். “எனக்கு மனநோயா?” என்று கேட்டீர்கள். உங்களுக்கு இருப்பதில் பெரும்பகுதி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த நிலை. மேலே இருந்து டார்கெட். கீழே இருந்து காய்ச்சல், கர்ப்பம், மெஷின் ரிப்பேர், குறையுள்ளதைத் திரும்பச் செய்யும் ரீவொர்க். லைனில் ஆள் குறைந்தால் டார்கெட்டைக் குறைக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். பொறுப்பு நிறைய, கையில் பிடி எதுவும் இல்லை என்ற வேலைதான் மனிதரை அதிகம் அரிக்கிறது என்பதைப் பணி அழுத்தத்தைப் படித்தவர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். ஆகவே “டென்ஷனைக் குறைச்சுக்கோங்க” என்று சொல்வது, ஒழுகும் கூரைக்குக் கீழே நிற்பவரிடம் நனையாதீர்கள் என்று சொல்வதுதான்.

ஆனால் இதன் ஓரத்தில் மனச்சோர்வு நோய் தொடங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பர்ன் அவுட் பெரும்பாலும் வேலையைச் சுற்றியே இருக்கும். மனச்சோர்வு நோய் வீடு, பிள்ளை, சாப்பாடு, சாமி என எல்லாவற்றிலிருந்தும் ருசியை எடுத்துவிடும். நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரத்துக்குக் குறையாமல் நீடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குத் தலை பின்னிவிடும்போது மட்டும் சந்தோஷம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்து எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் தூக்கம், பசி, அந்த ஓரத்து வரி மூன்றும் சேர்ந்திருப்பதால் கடிதத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பாகாயம் என்ற பயம்

நம் ஊரில் பாகாயம் என்ற பெயரையே வசவாக ஆக்கிவைத்திருக்கிறோம். எனக்கு இதில் மிகுந்த வருத்தம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மனநல மையம் அங்கே 1957 முதல் இருக்கிறது. நோயாளியைப் பூட்டிவைக்காமல் குடும்பத்தாரும் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ளும் முறையை ஆரம்பத்திலேயே கொண்டுவந்த இடம் அது. தூக்கம் வராதவர்களும் படபடப்புக்காரர்களும் வெளிநோயாளியாக வந்து பார்த்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்குப் போகிறார்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. எது உங்களுக்குப் பஸ் வசதியோ அங்கே போங்கள்.

மாத்திரைக்கு அடிமையாகிவிடுவேனா என்று கேட்கிறீர்கள். இங்கே உங்கள் பயம் தவறான மாத்திரையின் மேல் இருக்கிறது. மனச்சோர்வுக்கு நாங்கள் கொடுக்கும் மருந்துகள் போதை தருவதில்லை. மேலும் மேலும் கேட்க வைப்பதில்லை. வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், திடீரென்று நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். பர்ன் அவுட் மட்டும்தான் என்று தெரிந்தால் அதுவும் தேவைப்படாமல் போகலாம். ஆனால் இரண்டு மாதமாக நீங்கள் சீட்டில்லாமல் வாங்கிப் போடும் பாதித் தூக்க மாத்திரை, பழக்கமாக்கும் வகையைச் சேர்ந்தது. நாளாக நாளாகப் பாதி போதாது, முழுசாகும். அதை இன்றிரவே நிறுத்திவிடவும் வேண்டாம். திடீரென நிறுத்தினால் படபடப்பும் தூக்கமின்மையும் இரட்டிப்பாகும். மாத்திரை அட்டையை மருத்துவரிடம் காட்டுங்கள். படிப்படியாகக் குறைத்துத் தருவார்.

கம்பெனிக்குத் தெரியுமா? 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் சம்மதம் இல்லாமல் மருத்துவர் அதை உங்கள் மேனேஜரிடம் சொல்ல முடியாது. லீவுச் சான்றில் என்ன எழுதப்போகிறார் என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

வேலையை விடுவதா?

இப்போது வேண்டாம். மூன்று மணிக்கு விழித்திருக்கும் மூளை எடுக்கும் பெரிய முடிவுகள் பெரும்பாலும் நன்றாக அமைவதில்லை. ராஜினாமாக் கடிதத்தை எழுதிப் பையிலேயே வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். அதைப் பையிலிருந்து எடுத்து பீரோவில் வையுங்கள். கிழிக்கச் சொல்லவில்லை.

அதற்கு முன்னால் ஒன்று. மாதம் ஏறக்குறைய 128 ரூபாய் உங்கள் சம்பளத்தில் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள், கம்பெனியும் தன் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறது. 17 வருடத்தில் பிரசவத்துக்குத் தவிர அதைப் பயன்படுத்தவில்லை என்கிறீர்கள். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு அது உரிமை. இ.எஸ்.ஐ. மருத்துவர் ஓய்வு தேவை என்று சான்று கொடுத்தால், நோய்க்காலப் பணமாகச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். முதல் இரண்டு நாளுக்கு மட்டும் பணம் வராது. உங்கள் சம்பளத்துக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 400 ரூபாய் ஆகும். கால் உடைய வேண்டியதில்லை, சகோதரி. மாத்திரையைக் குறைக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஓய்வு எழுதித் தர முடியுமா என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

ஆனால் ஓய்வு மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதினைந்து நாள் தூங்கிவிட்டு அதே பலகை முன்னால் நின்றால் மூன்றாம் வாரம் மறுபடி கை நடுங்கும். வேலையில் ஏதாவது மாற வேண்டும். மூன்று வழி தெரிகிறது. ஒன்று, சூப்பர்வைசராகவே இருந்து சிலவற்றைக் கேட்டு வாங்குவது: ஆள் குறையும் நாளில் டார்கெட்டும் குறைய வேண்டும், வராதவருக்குப் பதிலாக உட்கார இரண்டு ரிலீவர் வேண்டும், பலகையில் எழுதும் வேலையை வேறொருவர் பார்க்க வேண்டும். மேனேஜரிடம் “எனக்கு முடியல” என்று போகாதீர்கள். ஒரு மாதக் கணக்கோடு போங்கள்: இத்தனை நாள் இத்தனை பேர் வரவில்லை, அந்த நாட்களில் ரீவொர்க் இவ்வளவு ஏறியது. அவருக்குப் புரியும் பாஷை அது. இரண்டு, சாம்பிள் செக்‌ஷனுக்கோ செக்கிங்குக்கோ மாற்றல் கேட்பது. மூன்று, மெஷினுக்கே திரும்புவது. இதைச் சொல்லவே நீங்கள் கூசுகிறீர்கள். “இறங்கிட்டா என்று சொல்வார்கள்” என்கிறீர்கள். சம்பள வித்தியாசம் 2,200 ரூபாய் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தூக்கத்துக்கு அது அதிக விலையா என்பதை, நன்றாகத் தூங்கிய ஒரு வாரத்துக்குப் பிறகு உட்கார்ந்து யோசியுங்கள். எனக்கு முதல் வழியில் நம்பிக்கை குறைவு. இரண்டாவதைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன்.

“சூப்பர்வைசருக்கு ஓவர்டைம் சட்டம் கிடையாது” என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் இரட்டைச் சம்பளம் என்பது பொது விதி. மேற்பார்வைப் பதவிகளுக்கு விலக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அட்டையில் உள்ள பதவிப் பெயர் மட்டும் அதை முடிவு செய்யாது. நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைப் பார்ப்பார்கள். லைனில் ஆள் வராதபோது நீங்களே மெஷினில் உட்காருகிறீர்கள் என்பதை வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். நீதிமன்ற வளாகங்களில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவு இருந்தாலும், பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு.

ஒருவேளை பின்னால் விடுவது என்றே முடிவானால், வெறும் கையோடு வராதீர்கள். ஐந்து வருடம் தாண்டியவருக்குப் பணிக்கொடை உண்டு. அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 என்றால், அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 17 வருடத்தால் பெருக்குங்கள்: 1,27,500 ரூபாய். பி.எஃப். பணத்தை அவசரத்தில் மொத்தமாக எடுத்துவிடாதீர்கள். பத்து வருடம் தாண்டிய உங்களுக்கு 58 வயதில் பென்ஷன் இருக்கிறது.

வீட்டில்

மாமியாரின் புண்ணுக்குக் கட்டு மாற்றும் வேலையைக் கணவர் ஏற்கட்டும். டேனரியில் தோலைப் புரட்டிய கைக்கு அது முடியாத வேலை இல்லை. இதையெல்லாம் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் அவரிடம் பேசுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது அவரையும் உங்களோடு அழைத்துப் போங்கள். நீங்கள் சொல்லி நம்பாததை மருத்துவர் சொன்னால் கேட்கும் கணவர்கள் நிறையப் பேர். காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். தண்ணீர் பாட்டிலை லைனில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். நீங்கள் குடித்தால் உங்கள் 40 பெண்களும் குடிப்பார்கள்.

கடைசியாக அந்த இளம் தாய். மன்னிப்புக் கேட்டால் லைனில் மரியாதை போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டாம். காலை டீ நேரத்தில் அந்தப் பெண் உட்காரும் இடத்துக்குப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா, எந்த டாக்டரிடம் காட்டினாய் என்று கேளுங்கள். அன்றைக்கு நான் பேசியது தப்பு என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்லுங்கள். அப்போதும் மனதில் ஒன்றும் தோன்றாமல் போகலாம். தோன்றாவிட்டாலும் கேளுங்கள். மருத்துவரைப் பார்த்த பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் சேர்த்து எழுதுங்கள்.